வாடி ஷாப்: நீச்சல் தெரியாதவர்கள் எதுவரை போகலாம்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். டிசம்பர் கடைசியில் கோவையிலிருந்து மஸ்கட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வருகிறீர்கள். நீங்கள், மனைவி, 9 வயதுப் பையன், 63 வயது அம்மா. ஓமானில் இருக்கும் வாடி ஷாப் பள்ளத்தாக்கின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். உங்களுக்கு நீச்சல் அரைகுறை, மனைவிக்குச் சுத்தமாகத் தெரியாது. "கடைசியில் குகைக்குள் இருக்கும் அருவியைப் பார்க்காமல் திரும்பினால் போனதே வீண் என்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு எல்லோரும் போய்விடலாமா?" என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வாடி ஷாப்புக்குப் போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம். அந்தக் குகைவரை போகலாமா என்றால், உங்கள் குடும்பம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே ஒரு நடை இருக்கிறது, நடை முடிந்த இடத்தில் ஒரு நீச்சல் ஆரம்பிக்கிறது. நடை நன்றாகப் போனது என்பதற்காக நீச்சலுக்கும் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நான் பார்த்த தொல்லைகளில் பாதி அப்படி நினைத்ததால் வந்தவை.

நான் 11 வருஷமாக மஸ்கட்டில் சேஃப்டி ஆபீசராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, கன்னடியன் கால்வாயில் குதித்து நீச்சல் பழகியவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வாடி ஷாப்புக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டதால் இருபது தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். மீட்புப் படையில் இருந்தவன் இல்லை, டாக்டரும் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் அதை அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அரபியில் 'வாடி' என்றால் மழை பெய்தால் ஆறாக ஓடும் பள்ளத்தாக்கு. (தமிழில் எழுதினால் யாரையோ அதட்டிக் கூப்பிடுவதுபோல இருக்கிறது, என்ன செய்வது.) ஓமானில் பெரும்பாலான வாடிகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் கூழாங்கல் தடம்தான். வாடி ஷாப்பில் எப்போதும் தண்ணீர் இருக்கும், அதனால்தான் இத்தனை கூட்டம். மஸ்கட்டிலிருந்து சூர் போகும் கடற்கரை நெடுஞ்சாலையில் சுமார் 140 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், திவி என்ற ஊரின் ஓரத்தில். கடைசிவரை தார் ரோடு, தம்பியின் சாதாரண கார் போதும். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியிலேயே வண்டியை நிறுத்தலாம். கழிப்பறை அங்கேதான், உள்ளே எதுவும் கிடையாது.

பாலத்தடியில் ஒரு சின்னக் குளம்போலத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதைத் தாண்டப் படகு. போகவர ஆளுக்கு ஒரு ரியால் வாங்குவார்கள், நம் காசுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் வரும். இரண்டே நிமிஷப் பயணம். ஏறும்போதே "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், இணையத்தில் பார்த்ததை நம்ப வேண்டாம். டிசம்பரில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மலையிடுக்குக்குள் அதற்கும் முன்பே இருட்டத் தொடங்கும். காலை எட்டு மணிக்குப் படகில் இருந்தால் உத்தமம். வெள்ளி, சனி இங்கே விடுமுறை, அந்த இரண்டு நாளும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

படகிலிருந்து இறங்கியதும் முதல் இருபது நிமிஷம் சமதளம்தான். பேரீச்சையும் வாழையும் இரண்டு பக்கமும். பாறைச் சுவரை ஒட்டி முழங்கை அகலத்துக்கு ஒரு வாய்க்கால் கூடவே வரும். அதற்கு ஃபலஜ் என்று பெயர். ஊற்றிலிருந்து தண்ணீரைச் சரிவு கணக்கிட்டு, பம்ப் இல்லாமல், தோட்டம்வரை கொண்டுவரும் பழைய பாசன முறை. ஓமானின் ஐந்து ஃபலஜ்களை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒன்று இதே சூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. தாமிரபரணிக்காரன் எனக்கு இந்த வாய்க்காலைப் பார்த்தால் கால் நகராது. நண்பர்கள் முன்னே போய்விடுவார்கள், நான் மடை எங்கே பிரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்கப்புறம் தடம் மாறுகிறது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழும்பும், நடுவே பச்சையும் நீலமுமாகக் கசம் கசமாகத் தண்ணீர் (ஆற்றுப் பள்ளத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரை எங்கள் ஊரில் கசம் என்போம்). பாதை சில இடங்களில் பாறை விளிம்பில் ஏறும், சில இடங்களில் ஆள் உயரக் குண்டுக்கற்களுக்கு இடையே நுழைந்து வெளியே வரும். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், குழந்தையோடு போனால் ஒன்றேகால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனுக்கு இது கஷ்டமே இல்லை, அவனைப் பிடித்து நிறுத்துவதுதான் உங்கள் வேலை. ஆயிரக்கணக்கான கால் பட்டுப்பட்டுப் பாறை பளிங்குபோல ஆகிவிட்டது, அதன்மேல் ஈரம் பட்டால் வழுக்கும். எங்கள் கோஷ்டியில் நடந்த காயங்களில் முக்கால்வாசி தண்ணீரில் நடந்ததில்லை. இந்தப் பாறையில், திரும்பி வரும்போது, ஈரச் செருப்போடு நடந்தவை. பாத்ரூம் செருப்பு வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள, நனைந்தாலும் கழலாத ஷூ போடுங்கள். அதையே தண்ணீருக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம்.

வழியில் இருக்கும் கசங்களைப் பார்த்ததும் பையன் இறங்கத் துடிப்பான். கீழே இருப்பவை ஊருக்கும் தோட்டத்துக்கும் போகிற தண்ணீர், குளிக்கக் கூடாது என்று பலகை இருக்கும். அதை மதியுங்கள். நடை முடியும் இடத்தில் எல்லோரும் பையையும் துண்டையும் பாறைமேல் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவதைப் பார்ப்பீர்கள். குளிக்கிற இடம் அதுதான். ஆரம்பத்தில் முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று மெதுவாக ஆழம் கூடும். தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும், அடியில் இருக்கும் கல்லை எண்ணலாம். ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து காலைக் கொத்தும். உங்கள் மனைவியும் பையனும் ஒன்றிரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருக்க இந்தப் பகுதியே போதும்.

இங்கிருந்து குகைவரை கசங்கள் தொடராக இருக்கின்றன. இடையிடையே கூழாங்கல்லில் ஏறி நடந்து, மறுபடி இறங்கி நீந்த வேண்டும். நிதானமாகப் போனால் பத்துப் பதினைந்து நிமிஷம். கால் ஊன்றும் இடங்களும் உண்டு, நிலைகொள்ளாத இடங்களும் உண்டு. "அதிகபட்சம் இவ்வளவு அடிதான்" என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு வெள்ளமும் அடியில் இருக்கும் சரளையை அள்ளி வேறு இடத்தில் கொட்டிவிட்டுப் போகும். போன வருஷம் நான் நின்ற இடத்தில் இந்த வருஷம் கால் எட்டவில்லை.

கடைசிக் கசம் ஒரு பாறைப் பிளவில் போய் முடியும். அந்தப் பிளவுதான் வீடியோவில் வரும் 'சாவித்துவாரம்'. எப்படி இருக்கும் என்றால், முகவாயைத் தூக்கிக்கொண்டு, இரண்டு காதும் பாறையில் உரச, தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பக்கவாட்டில் நகர வேண்டும். காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. தண்ணீர் ஏறியிருக்கும் நாட்களில் மூக்குக்கே இடம் இருக்காது, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கித்தான் அந்தப் பக்கம் எழ வேண்டும். உள்ளே போனால் மேலே ஒரு திறப்பிலிருந்து வெளிச்சம் விழும், அருவி கொட்டும், சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நிற்க இடம் கிடையாது, பாறையையோ அங்கே தொங்கும் கயிற்றையோ பிடித்து மிதக்க வேண்டும். களைத்துப்போனவர் திரும்ப அதே இடுக்கு வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அந்த நேரத்தில் எதிரே பத்துப் பேர் வந்துகொண்டிருப்பார்கள். 2012இல் உலக அளவிலான பாறை டைவிங் போட்டித் தொடரின் ஒரு சுற்று இதே வாடியில் நடந்தது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு மேலே ஏறிக் குதிக்கிற இளைஞர்களும் அங்கே இருப்பார்கள். தலைக்கு மேலே ஒரு கண் வைத்திருங்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். அளவு சரியான ஜாக்கெட் மிதக்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. அது நீச்சல் கற்றுக்கொடுக்காது, பயத்தைப் போக்காது. நீச்சல் தெரியாதவர் நிலைகொள்ளாத இடத்தில் கால் தவறியதும் பதறிப் பக்கத்தில் இருப்பவரின் கழுத்தைப் பிடிப்பார். அரைகுறை நீச்சல்காரர் பக்கத்தில் இருந்தால் இருவரும் சேர்ந்து போவார்கள், உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள். அந்த இடுக்கில் பருமனான ஜாக்கெட்டோடு நுழைவதும் கடினம். "அங்கே மட்டும் கழற்றிவிடலாம்" என்று தோன்றினால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். ஜாக்கெட்டை அங்கே போய் வாடகைக்கு எடுக்கலாம் என்று நம்பி வராமல் மஸ்கட்டில் விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிவிடுங்கள். பையனுக்குப் போட்டுப் பட்டைகளை இறுக்கிய பிறகு, இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறி வந்தால் அது பெரிய அளவு. காற்றடிக்கும் வளையம், கையில் மாட்டும் பலூன் இரண்டும் வேண்டவே வேண்டாம், அவை குளியல் தொட்டிக்குத்தான் லாயக்கு.

ஆறேழு வருஷம் முன்னால் எங்கள் ரூமில் இருந்த ஒரு பையன், தஞ்சாவூர்ப் பக்கம், நல்ல திடகாத்திரமானவன், நீச்சல் தெரியும் என்று சொல்லிவிட்டு எங்களோடு இறங்கினான். இரண்டாவது கசத்தில் நடுவழியில் நின்றுவிட்டான். கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது, இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சிரித்துக்கொண்டே போன இரண்டு பேர் அவன் விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். பயிற்சி வகுப்பில் படித்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: மூழ்குகிறவர் சத்தம் போட மாட்டார், மூச்சுவிடவே நேரமில்லாதபோது கத்துவது எப்படி? ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்த நீர்புகாப் பையைக் காற்றோடு மூடி அவன் நெஞ்சுக்கு நேராகத் தள்ளினோம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், பிழைத்தான். வெளியே வந்து கேட்டால், ஊர்க் குளத்தில் படித்துறையைப் பிடித்துக்கொண்டு நீந்தியதுதான் அவன் நீச்சல். படித்துறை இல்லாத தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறான். எனவே யாராவது தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். துண்டோ, பையோ, ஜாக்கெட்டோ, கைக்குக் கிடைத்ததை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள்.

இதுவரை சொன்னது நீச்சல் பயம். என் கணக்கில் அதைவிடப் பெரியது வெள்ளம், ஏனென்றால் அதற்கு நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் கிடையாது. அங்கே மலையில் மண் இல்லை, மரம் இல்லை. மொட்டைப் பாறையில் விழும் மழை ஊறுவதற்கு வழியில்லாமல் மொத்தமாக வாடிக்குள் இறங்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மழை பல கிலோமீட்டர் உள்ளே மலைமேல் பெய்திருக்கும். குற்றாலத்தில் இது நமக்குத் தெரிந்ததுதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரலில், ஓமானில் பெய்த மழையில் வாடி வெள்ளம் பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலரைக் கொண்டுபோனது. குற்றாலத்திலாவது அருவியை விட்டு விலகினால் ஒதுங்க இடம் உண்டு. வாடி ஷாப்பின் குறுகலான பகுதியில் இரண்டு பக்கமும் சுவர்.

டிசம்பர் நடப்பதற்கு அருமையான காலம். கோடையில் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. வழியில் வரும் குரையாத் ஊரில் 2018 ஜூனில் ஒருநாள் முழுக்க, நள்ளிரவிலும், வெப்பம் 42 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் குளிர்காலம்தான் இங்கே காற்றழுத்தத் தாழ்வு மழை வரும் காலமும். போவதற்கு முந்தின நாளும் அன்று காலையும் ஓமான் வானிலை எச்சரிக்கையைத் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். திவிக்கு மட்டும் பார்த்தால் போதாது, வாடிக்குத் தண்ணீர் இறங்கி வரும் ஹஜர் மலைக்கு மழை சொல்லியிருந்தால் அன்றைக்கு வேண்டாம். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறமானாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேல்பக்கம் லாரி வருவதுபோல உறுமல் கேட்டாலோ, படகை நோக்கி ஓடாதீர்கள். வெள்ளமும் அதே வழியில்தான் வரும், உங்களைவிட வேகமாக. பையை விட்டுவிட்டு எட்டிய வரைக்கும் மேலே ஏறுங்கள், தண்ணீர் முழுக்க வடியும்வரை அங்கேயே இருங்கள். அவசர எண் 9999. மலையிடுக்குக்குள் சிக்னல் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். அதனால் எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சாலையை வாடித் தண்ணீர் கடந்து ஓடினால் காரை இறக்கக் கூடாது. இங்கே அது சட்டப்படி குற்றம், அபராதமும் சிறையும் உண்டு.

அப்படியென்றால் உங்கள் நாளை எப்படி வைத்துக்கொள்ளலாம்? தம்பிக்கு நன்றாக நீச்சல் தெரிந்தால், அவரும் அவரைப்போல நீந்தும் இன்னொருவரும் மட்டும் குகைவரை போய் வரட்டும். நீங்கள் மூவரும் முதல் கசத்தின் நெஞ்சளவுத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் பையன் ஜெயித்துவிடுவான். மனைவிக்கு டீஷர்ட்டும் லெக்கிங்ஸும் சௌகரியம். துப்பட்டா, தொளதொள சுடிதார் தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும். ஊர்க்காரர்கள் வாழும் இடம், தோட்டத்து வழியில் ஆண்களும் சட்டையைக் கழற்றாமல் நடப்பது மரியாதை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தூக்கில் புளிச்சோறு. குரங்குத் தொல்லை கிடையாது, ஆனால் ஆடு வரும், பொட்டலத்தைத் திறந்து வைக்காதீர்கள்.

போகும் வழியிலேயே, வாடி ஷாப்புக்குக் கொஞ்சம் முன்னால், பிம்மா பாறைக்குழி இருக்கிறது. வானிலிருந்து நட்சத்திரம் விழுந்த குழி என்று ஊரில் சொல்வார்கள், அரபியில் பெயரே அப்படித்தான். உண்மையில் அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து, கூரை இடிந்து விழுந்ததால் உண்டானது. கட்டண டிக்கெட் இல்லாத பூங்காவுக்குள் இருக்கிறது, படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் ஆழம் குறைவு, நடுவில் அதிகம். பையனின் தண்ணீர் ஆசையில் பாதியை அங்கேயே தீர்த்துவிடலாம். எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றால் வாடி பனி காலித் பொருத்தம். தூரம் கூடுதல், ஆனால் கார் நிறுத்துமிடத்திலிருந்து கசம்வரை நல்ல பாதை, அம்மாவும் கூடவே வரலாம்.

வாடி ஷாப்பிலேயே அம்மாவையும் அழைத்துப்போவதாக இருந்தால் படகிலிருந்து பேரீச்சைத் தோட்டம் முடியும்வரை, அதற்கு மேல் வேண்டாம். யாராவது ஒருவர் கூட இருங்கள். என் அம்மாவை அழைத்துப்போனபோது வாய்க்கால் ஓரம் நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் காலை ஃபலஜில் தொங்கப்போட்டபடி, பாஷை தெரியாத ஒரு தோட்டக்காரர் கொடுத்த பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். "நம்ம ஊரு வாய்க்காதானல, இதுக்கா ஏரோப்ளேன்ல கூட்டியாந்த?" என்றாள். ஆனால் எழுந்து வரச் சொன்னபோது இன்னும் பத்து நிமிஷம் என்றாள், கடைசிப் படகுக்கு நாங்கள் ஓட வேண்டியதாயிற்று.